கோதன்பர்க் பாய்மரக் கப்பலில் முதல் முறை ஏறுவோருக்கு

இந்தக் கப்பலில் பயணி என்று யாரும் கிடையாது. காசு கட்டி ஏறினாலும் ஏறிய நிமிடத்திலிருந்து நீங்கள் கப்பல் ஆள்தான். 'டெக்ஹேண்ட்' என்பது உங்கள் பதவி. பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, நடுநிசியில் எழுந்து தீக்காவல் சுற்றுவது, தளம் கழுவுவது, கக்கூஸ் தேய்ப்பது எல்லாம் அதில் அடக்கம். இதைச் சுற்றுலா என்று நினைத்து வருகிறவர்கள்தான் மூன்றாம் நாள் முகம் சுளிக்கிறார்கள்.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். சீனாவின் கான்டனிலிருந்து (இன்றைய குவாங்சோ) தேயிலையும் பீங்கானும் பட்டும் ஏற்றிக்கொண்டு, முப்பது மாதப் பயணம் முடிந்து திரும்பிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று, 1745 செப்டம்பர் 12 அன்று சொந்த ஊரான கோதன்பர்க்கின் துறைமுக வாயிலிலேயே ஹுன்னேபோடன் என்ற பாறையில் ஏறி மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மீட்டு ஏலம் விட்டதிலேயே கம்பெனிக்கு லாபம் நின்றது என்றால் அந்தக் காலச் சீன வியாபாரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1986 முதல் 1992 வரை அந்த இடத்தில் கடலடி அகழாய்வு நடந்தது. அதிலிருந்து பிறந்த ஆசைதான் நகல் கப்பல். 1995-ல் அடிக்கட்டை வைத்து, 2003-ல் நீரில் இறக்கி, 2005 அக்டோபரில் பழைய வழியிலேயே சீனாவுக்கு அனுப்பினார்கள். 2006 ஜூலையில் குவாங்சோ, 2007 ஜூனில் திரும்ப வீடு. திரும்பும் வழியில் சென்னையிலும் நின்றது. அந்தக் கம்பெனிக்கும் நம் கரைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 1733-ல் அவர்கள் பரங்கிப்பேட்டையில் போட்ட பண்டகசாலையை, சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஆள் அனுப்பிச் சூறையாடினார்கள்.

கோதன்பர்க் என்பது ஊர்ப்பெயர்; அதுவே கப்பலின் பெயரும். சுவீடன்காரர்கள் வாயில் அது ஏறக்குறைய 'யோத்தபோரி' என்று வரும். கப்பலில் யாராவது அப்படிச் சொன்னால் விழிக்காதீர்கள்.

அளவுகள்: முன்னே நீட்டிய மரத்தோடு சேர்த்து 58 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், 11 மீட்டர் அகலம், 47 மீட்டர் உயரப் பாய்மரம், 26 பாய்கள், ஏறத்தாழ 1,900 சதுர மீட்டர் லினன் துணி. மொத்தம் சுமார் 80 பேர். அதில் 20 பேர் போல நிரந்தரப் பணியாளர், மற்றவர்கள் உங்களைப் போன்ற தன்னார்வலர். கீழ்த்தளத்தில் டீசல் எஞ்சினும் நவீனச் சமையலறையும் குளியலறையும் இருக்கின்றன. மேலே வந்தால் 18-ம் நூற்றாண்டு.

கிளம்புவதற்கு முன்

பயணம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்படும்: ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்குவீர்கள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல்நிலைக் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு, தோள்மூட்டு விலகுதல் போன்றவற்றை மறைத்து ஏறினால், கரையிலிருந்து இரண்டு நாள் தொலைவில் வைத்துத்தான் அது வெளியே வரும்.

நம்மூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சறுக்குவது விசாவில். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) ஒற்றை நுழைவாக இருந்தால், இடையில் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வரும் கட்டத்தில் திரும்ப உள்ளே வர முடியாது; பல நுழைவு விசாவாகக் கேளுங்கள். இங்கிலாந்துக்குத் தனி விசா. விமானத்தில் இறங்கிக் கப்பலில் வெளியேறுகிறீர்கள் என்பதால், வெளியேறியது எல்லை அதிகாரிகளிடம் பதிவானதா என்று நீங்களே பாருங்கள். அது பதிவாகாவிட்டால் அடுத்த முறை '90 நாளுக்கு மேல் தங்கினார்' என்று கணக்கு வரும்.

திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், இறங்கும் நாளுக்குப் பின் இரண்டு மூன்று நாள் விட்டு. கப்பல் காற்று கேட்டுத்தான் வரும். 1743-ல் கிளம்பிய பழைய கப்பல் வழியில் தாமதமாகி, பருவக்காற்றைத் தவறவிட்டு, ஜாவாவில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. இன்றைய எஞ்சின் அவ்வளவு தூரம் படுத்தாது. ஆனாலும் 'ஞாயிறு காலை பத்து மணிக்கு இறங்கிவிடலாம்' என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

மூன்று மாதம் முன்பிருந்தே இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, கம்பியில் தொங்கிப் பழகுங்கள்: முப்பது வினாடி உடல் எடையைக் கைகளில் தாங்க முடிந்தால் மேலே ஏறும்போது பயம் பாதி குறையும். இரண்டு, இரண்டு மீட்டர் கயிறு, பத்து மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி வீட்டில் வையுங்கள். பௌலைன், குளோவ் ஹிட்ச், எட்டு முடிச்சு, ஒரு சுற்றும் இரண்டு அரை முடிச்சும்: இந்த நாலு போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை ஈரமாக்கிக்கொண்டு போடத் தெரிய வேண்டும். ஐம்பது முடிச்சை வீடியோவில் பார்த்துவிட்டு வருகிறவரைவிட நாலு முடிச்சை இருட்டில் போடுகிறவர் பயன்படுவார்.

பை

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம்; வைக்க இடமில்லை. மடங்கும் துணிப்பை, 60 லிட்டர் அளவில். உள்ளே: கம்பளி உள்ளாடை இரண்டு செட் (பருத்தி நனைந்தால் காயாது, குளிரும்), நீர் புகாத சட்டையும் கால்சட்டையும், ரப்பர் பூட்ஸ், கயிற்றில் கால் வைக்கத் தோதாகக் கெட்டி அடியுள்ள மூடிய காலணி, குளிர்த்தொப்பி, சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு, தூங்கும் பை, காதடைப்பான், கண்ணாடிக்குப் பின்கயிறு, கத்திக்கும் கயிறு. லுங்கி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தூளியில் படுக்க அதைவிடச் சுகமான உடை எந்த நாட்டிலும் கிடையாது. மேலே ஏறும்போது மட்டும் கூடாது.

தார் ஒட்டும். பைன் தார் பூசிய கயிறுதான் கப்பல் முழுக்க, மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெயைத் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சின்ன பிளாஸ்டிக் பாட்டில் போதும்.

மோதிரம், மெட்டி, வளையல், கைக்கயிறு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஓடும் கயிற்றில் மோதிரம் மாட்டினால் விரல் தோல் உரிந்து வரும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தாலிக்கொடி கழற்ற மனமில்லாதவர்கள் நீளத்தைக் குறைத்து, சட்டைக்குள் இறுக்கமாக வைக்க வேண்டும். சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கடலில் வைத்துச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார், பாவம்.

எந்தக் கயிறு எது

புதியவர் கற்க வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான். மற்றவை தானாக வரும்.

மூன்று மரம்: முன்மரம், நடுமரம், பின்மரம். முன்மரத்திலும் நடுமரத்திலும் குறுக்கே பருமல்கள் (பாயைத் தாங்கும் குறுக்கு மரங்கள்), அவற்றில் தொங்கும் பாய்கள்: கீழ்ப்பாய், மேற்பாய், உச்சிப்பாய். பார்த்தவுடன் கயிற்றுக் காடு போலிருக்கும். ஆனால் ஒரு சதுரப்பாய்க்கு உள்ள கயிறுகளைப் புரிந்துகொண்டால், மற்ற சதுரப்பாய்களுக்கும் சிறு மாற்றங்களோடு அதே கதைதான். நடுமரத்து மேற்பாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

பருமலை மேலே தூக்குவது ஆஞ்சான். இவர்கள் ஹேலியார்ட் என்பார்கள். பாயின் கீழ் மூலைகள் இரண்டையும் கீழே இழுத்துப் பிடிப்பது தாமான், இவர்களுக்கு ஷீட். அதே மூலைகளை மேலே இழுப்பது குளூலைன். பாயின் அடிவிளிம்பைப் பருமலோடு சேர்த்துச் சுருட்டுவது பன்ட்லைன். பருமலின் முனைகளைக் காற்றுக்கு ஏற்ப முன்னும் பின்னும் திருப்புவது பிரேஸ். ஐந்தே வகை. தாமானும் குளூலைனும் எதிரிகள்: ஒன்றை இழுத்தால் மற்றதை விட வேண்டும். ஆஞ்சான் ஒரு பக்கம், பன்ட்லைன் எதிர்ப்பக்கம். பகைக் கயிறு எது என்று தெரிந்தவர் தப்புச் செய்வது அரிது.

கட்டும் இடங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும், மேலே உள்ள பாயின் கயிறு தளத்தில் பின்பக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். இடதுபக்கம் எப்படியோ வலதுபக்கமும் அப்படியே. முதல் நாளே ஒரு காகிதத்தில் தளத்தை வரைந்து ஒவ்வொரு முளைக்கும் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் குச்சி) பெயர் எழுதுங்கள். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, கயிற்றைத் தொட்டு, கண்ணால் அதைப் பின்தொடர்ந்து உச்சி வரை போங்கள். இரவில் பெயர்ப்பலகை இருக்காது, கை மட்டும்தான்.

ஒரு பாயை ஏற்றும் வரிசை இது:

1. மேலே போனவர்கள் பாயைச் சுற்றிய கட்டுகளை அவிழ்க்கிறார்கள். கீழே யாரும் எதையும் இழுக்கக் கூடாது.
2. குளூலைன், பன்ட்லைன் இரண்டையும் விட்டுக்கொண்டே தாமானை இழுத்து மூலைகளை முழுக்க இறக்கிக் கட்டவும்.
3. பிரேஸ்களைத் தளர்த்தவும். இதை மறந்தால் பருமல் ஏறாது. பத்துப் பேர் மூச்சுமுட்ட இழுப்பார்கள், எங்கே சிக்கல் என்று தெரியாது.
4. ஆஞ்சானில் கூட்டம் கூடி, ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒன்றாக இழுக்கவும்.
5. பருமல் நின்றபின் பிரேஸைத் திருப்பிக் காற்றுக்குச் சரிசெய்யவும்.

அடிக்கடி நடக்கும் தவறு இரண்டாம் படியில். பன்ட்லைன் ஒன்று மட்டும் கட்டிலேயே இருந்துவிடும். பாயின் அடியில் ஒரு மடிப்பு விழும். அதைக் கவனிக்காமல் ஆஞ்சானை இழுத்துக்கொண்டே போனால் லினன் அங்கே கிழியும். ஆகவே கயிற்றைப் பார்த்துக்கொண்டு இழுக்காதீர்கள், பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இழுங்கள்.

கயிறு கையாள்வதில் சமரசமே இல்லாத விஷயங்கள்: கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். பாரம் உள்ள கயிற்றை முளையிலிருந்து மொத்தமாகக் கழற்றாதீர்கள். ஒரு சுற்றை வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் உரசவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும். கைகள் முளையிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 'ஈஸ்' என்றால் மெல்ல விடு. 'காஸ்ட் ஆஃப்' என்றால் முழுக்க விடு. இந்த இரண்டையும் குழப்புவதுதான் காயங்களுக்கு நேர் வழி. சந்தேகம் வந்தால் விடாமல் பிடித்துக்கொண்டு கத்திக் கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கட்டும்போது முளையின் அடியில் ஒரு முழுச் சுற்று, மேலே மூன்று எட்டு, அவ்வளவுதான். கடைசியில் பூட்டு முடிச்சு போடும் பழக்கம் படகில் இருந்தவர்களுக்கு இருக்கும், இங்கே கூடாது. சணல்நார்க் கயிறு நனைந்தால் உப்பும், பூட்டு இறுகிவிடும், அவசரத்துக்குக் கத்திதான் எடுக்க வேண்டும். அதே காரணத்தால் மழை தொடங்கினால் இறுக்கமான கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்வார்கள். ஈரத்தில் கயிறு நீளம் சுருங்கி மரத்தையே இழுக்கும். மீதிக் கயிற்றை வலஞ்சுழியாகச் சுருட்டி மாட்டுங்கள். இடஞ்சுழியாகச் சுருட்டினால் முறுக்கு விழுந்து, வேகமாக ஓடவிடும்போது கப்பியில் போய் அடைத்துக்கொள்ளும்.

மேலே ஏறுவது

கட்டாயமில்லை. மேலே ஏறாமலேயே நல்ல டெக்ஹேண்டாக இருக்கலாம். ஏறுவதென்றால் பைகளைக் காலி செய்யுங்கள். போன் மேலே போகாது. முப்பது மீட்டரிலிருந்து விழும் சாவிக்கொத்து கீழே நிற்பவர் மண்டையைப் பிளக்கும்.

காற்று வரும் பக்கத்திலிருந்தே ஏற வேண்டும். கப்பல் மறுபக்கம் சாய்ந்திருப்பதால் கயிற்றேணி படுத்தாற்போல் இருக்கும், காற்றும் உங்களைக் கயிற்றோடு அழுத்தும். கைகள் நெடுக்குக் கயிற்றில், கால்கள் குறுக்குப் படியில். குறுக்குப் படி தேய்ந்து அறுந்துபோகக் கூடியது, அதைக் கையால் பிடித்துத் தொங்குகிறவர் அதோடு வருவார். மரத்தின் இடையில் உள்ள நடுமேடைக்குக் கீழே ஒரு துண்டு தூரம் வெளிப்பக்கமாகச் சரிந்து ஏற வேண்டியிருக்கும். எல்லாரும் நின்றுவிடும் இடம் அதுதான். கை நீட்டி எடை தாங்காதீர்கள்; உடம்பைக் கயிற்றோடு ஒட்டி, காலால் உந்தி ஏறுங்கள். அங்கே பாதுகாப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டே நகர வேண்டும்.

பருமலுக்குக் கீழே கால்வைக்கும் கயிறு ஒன்று தொங்கும். அதில் இறங்குவதற்கு முன் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஏற்கெனவே அதில் நிற்பவர் காலடி நீங்கள் ஏறும் நொடியில் எகிறும். சொல்லாமல் இறங்குவது அங்கே மிகப் பெரிய மரியாதைக் குறைவு. பாயைச் சுருட்டும்போது வயிறு பருமலில் சாய்ந்திருக்க, இரண்டு கையாலும் துணியை அள்ள வேண்டும். நனைந்த லினன் பலகை மாதிரி இருக்கும். நகத்தால் பிறாண்டாதீர்கள், கை முட்டியால் அழுத்தி மடிப்பெடுங்கள். நனைந்தபடியே சுருட்டிவைத்த பாய் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும் என்பதால், வெயில் வந்ததும் மறுபடி அவிழ்த்துக் காயப்போடச் சொல்வார்கள். 'இப்போதுதானே கட்டினோம்' என்று முனகத்தான் செய்வீர்கள்.

காவல் முறை

நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. 12–4, 4–8, 8–12 என்று மூன்று குழு, பகலும் இரவும். ஓய்வு என்பது காகிதத்தில்தான். 'ஆல் ஹேண்ட்ஸ்' என்று குரல் வந்தால் தூக்கத்திலிருந்தவரும் மேலே வர வேண்டும்.

காவலுக்குள் வேலை சுற்றிவரும்: சுக்கான், முன்னே பார்வைக்காவல், தீச்சுற்று, மிச்சப்பேர் அழைத்தால் ஓட. சுக்கானில் எல்லாரும் செய்வது ஒரே தப்பு. சக்கரத்தைத் திருப்புவார்கள், கப்பல் உடனே அசையாது, இன்னும் திருப்புவார்கள், பிறகு அது மொத்தமாகப் போய்விடும். இவ்வளவு கனமான கப்பல் யோசித்துத்தான் திரும்பும். கொஞ்சம் கொடுத்து, காத்திருந்து, குறித்த திசை வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் கொடுத்து நிறுத்த வேண்டும். கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொட வேண்டும்.

தீச்சுற்றை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஓக் மரமும் தாரும் லினனும் சணலும் சேர்ந்த பொருளுக்கு ஒரு பொறி போதும். ஒவ்வொரு அறையிலும் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, அடித்தளத்தில் தண்ணீர் மட்டம் பார்த்து, எழுதிவைக்க வேண்டும்.

தூளி பீரங்கித் தளத்தில், பக்கத்து ஆளின் முழங்கை படும் தூரத்தில். தளர்வாகக் கட்டினால் முதுகு வில்லாகி மறுநாள் நிமிர முடியாது. நன்றாக இழுத்து, தலைப்பக்கம் ஒரு சாண் உயர்த்தி, குறுக்குச் சாய்வாகப் படுங்கள். அடுத்த குழுவை எழுப்பப் போகும்போது சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி கண்ணில் பட்டாலும் இருட்டுக்கு மறுபடி கண் பழக அரைமணி ஆகும். எழுப்பும்போது நேரம், குளிர், மழை மூன்றையும் சொல்லுங்கள்; என்ன உடுத்துவது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

காலையில் கடல்நீரை இறைத்துத் தளம் கழுவுவது அழுக்குப் போக அல்ல. காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு திறந்து, கீழே தூளியில் படுத்திருப்பவர் முகத்தில் சொட்டும். உப்புநீர் பலகையை ஊறவைப்பதோடு மரம் மக்காமலும் காக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் மரத்துக்குக் கேடு.

வாந்தி

வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும். மாத்திரையைக் கிளம்பும் முன்னிரவே தொடங்குங்கள், வயிறு புரட்டிய பிறகு போட்டால் தங்காது. எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். சிலவற்றில் தூக்கம் அசத்தும், அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. வெறும் வயிறு மோசம்: காய்ந்த ரொட்டி, இஞ்சி மரப்பா, சிறுகச் சிறுகத் தண்ணீர். அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். காற்று போகும் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும், அதுவும் எங்காவது கொக்கியை மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு. காற்று வரும் பக்கம் குனிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இவற்றைத் தவிர, எதிர்பாராத வேலையும் வரலாம். 2023 ஏப்ரலில் பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் சுக்கான் முறிந்த ஒரு சிறு பாய்மரப் படகு உதவி கேட்டது. பக்கத்தில் இருந்தது இந்தக் கப்பல்தான். படகை இழுத்துக்கொண்டுபோய்ப் பெம்போல் (Paimpol) என்ற துறைமுகத்துக்கு வெளியே விட்டது. 18-ம் நூற்றாண்டுக் கப்பல் போல ஒன்று வந்து கயிறு வீசினால் படகுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! பயிற்சியில் கயிறு வீசச் சொல்லும்போது சோம்பாமல் வீசிப் பழகுங்கள்.

இறங்கும்போது

பாதுகாப்புக் கச்சையையும் கொக்கியையும் கணக்கோடு திருப்பிக் கொடுங்கள். எங்காவது நூல் பிரிந்திருந்தால் அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். தார் பட்ட துணியை மற்றதோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். கரையில் இறங்கியபின் ஓரிரு நாள் குளியலறைத் தரை ஆடும், சிலருக்கு அதற்கு மேலும். அது அடங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.